டிரம் கம்போஸ்ட் தயாராகிவிட்டதா இல்லையா, எப்படித்தான் கண்டுபிடிப்பது?

வேளச்சேரி மாடி

வணக்கம். மாடித்தோட்டம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மற்றதெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது, இந்த மக்கிய உரம் விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன்.

என்னிடம் இருப்பது 60 லிட்டர் நீல டிரம். பக்கவாட்டில் ஓட்டை போட்டிருக்கிறேன், அடியில் இல்லை (தரையில் கறை படிகிறது என்று வீட்டில் ஒரே சத்தம்). தினமும் சமையலறைக் கழிவு, அதன்மேல் இரண்டு கைப்பிடி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), வாரம் ஒருமுறை புளித்த மோர். டிரம் நிறைந்து மூடி வைத்து 75 நாள் ஆகிறது. திறந்து பார்த்தால் நல்ல கருப்பு, பொலபொலவென்று இருக்கிறது, நாற்றம் எதுவும் இல்லை. மாங்கொட்டை, முட்டை ஓடு, இரண்டு மூன்று எலுமிச்சைத் தோல் மட்டும் உருத் தெரிகிறது. சரி, ஆகிவிட்டது என்று நினைத்து செம்மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்து ஆறு பைகளில் போட்டேன்.

தக்காளி நாற்று பத்து நாளில் வெளுத்து, வளராமல் அப்படியே நிற்கிறது. தண்டங்கீரை தூவியதில் பாதிகூட முளைக்கவில்லை. அதே பாக்கெட் விதையை அதே நாளில் பழைய மண் தொட்டியிலும் தூவினேன், அங்கே இடமில்லாமல் முளைத்திருக்கிறது. அதனால் விதையைக் குறை சொல்ல முடியாது. மாமியார் "எரு சூடு, செடி வெந்துவிட்டது" என்கிறார். கையை விட்டுப் பார்த்தால் சூடே இல்லை. கருப்பு, வாசனை, சூடு மூன்றும் சரியாக இருந்தும் செடி ஏன் இப்படி? வேறு என்ன பார்த்து முடிவு செய்வது?

கருப்புத் தங்கம்

இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்க வேண்டாம். கருப்பாகி, உதிரியாகி, நாற்றம் போய்விட்டால் உரம் ரெடி. நான் ஆறு வருடமாக அப்படித்தான் போடுகிறேன். தக்காளிக்கு வேறு ஏதாவது நோய் இருக்கும், வேப்ப எண்ணெய் அடித்துப் பாருங்கள்.

திருச்சி ஆய்வகம் (ஓய்வு)

மேலே சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காற்றுப் போகாமல் அழுகிய குப்பையும் கருப்புதான், தண்ணீரில் ஊறிய மரத்தூளும் கருப்புதான், சாக்கடைச் சேறு அதைவிடக் கருப்பு.

அக்கா, "ஆகிவிட்டதா" என்று நாம் ஒரே கேள்வியாகக் கேட்கிறோம், அதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. நுண்ணுயிர்கள் தின்று முடித்து அடங்கிவிட்டனவா என்பது ஒன்று. அந்த உரத்தில் வேர் பிழைக்குமா என்பது இன்னொன்று. பெரும்பாலும் முதலாவது சரியானால் இரண்டாவதும் சரியாக இருக்கும், ஆனால் எப்போதும் இல்லை.

முதலில் சூட்டைப் பற்றி. 60 லிட்டர் டிரம்மில் கையைச் சுடும் அளவுக்குச் சூடு நிற்கவே நிற்காது. குவியல் மூன்றடி நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் உள்ளே 55, 60 டிகிரி வந்து தங்கும். அதனால் உங்கள் டிரம் குளிர்ந்து கிடப்பது எதையும் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு: காய்ந்துபோனாலும் குளிர்ந்துவிடும். வேலை முடிந்து அடங்கியதா, தண்ணீர் இல்லாமல் பாதியில் நின்றதா என்று தொட்டுப் பார்த்துத் தெரியாது. செடிப் பையில் போட்டு நீங்கள் தண்ணீர் ஊற்றியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், வேருக்குப் பக்கத்திலேயே. அப்போது அந்த நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளும், வேருக்குக் கிடைக்க வேண்டிய காற்றையும் சேர்த்து. செடி வெளுப்பதற்கு வழக்கமான காரணம் இதுதான். மாமியார் சொல்லும் "சூடு" என்ற சொல்லுக்குள் அமோனியா, புளிப்பு அமிலங்கள், இந்தப் பசி எல்லாமே அடக்கம். பெரியவர்கள் காரணத்துக்கு வைத்த பெயர் வேறு, பார்த்தது சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஜெர்மனியில் இதற்கே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஈரப்படுத்திய உரத்தைத் தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரியான குடுவையில் அடைத்து, வெளி வெப்பத்தைவிட எவ்வளவு ஏறுகிறது என்று சில நாள் பார்ப்பது. 10 டிகிரிக்குள் ஏறினால் ஐந்தாம் தரம், அதுதான் நன்றாக முடிந்த உரம். 40க்கு மேல் ஏறினால் முதல் தரம், அதாவது இன்னும் பச்சைக் குப்பை. (நம் ஊரில் முதல் தரம் என்றால் உயர்வு, அங்கே தலைகீழ்.) பழைய பிளாஸ்க்கும் சமையல் தெர்மாமீட்டரும் இருந்தால் வீட்டிலும் செய்து பார்க்கலாம், ஆனால் அந்த பிளாஸ்க்கில் அப்புறம் காபி ஊற்ற வீட்டில் விடமாட்டார்கள்.

அதைவிட எளிது பை சோதனை. இரண்டு கைப்பிடி உரம் எடுத்து, பிழிந்தால் விரலிடுக்கில் லேசாக ஈரம் கசியும் அளவுக்கு நனைத்து, ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, நிழலில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு திறந்து முகருங்கள். திறந்த டிரம்மில் நாற்றம் காற்றோடு போய்விடும், மூடிய பையில் ஒளிய இடமில்லை. பை உப்பி, புளிப்போ அழுகலோ மூக்கில் ஏறும் அமோனியாவோ வந்தால் இன்னும் ஆகவில்லை. மழை பெய்த மண் மாதிரி வந்தால் அடங்கிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு விதையைத்தான் கேட்க வேண்டும். உரம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, ஒரு மணி நேரம் அவ்வப்போது கலக்கி, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் டிஷ்யூ விரித்து அந்தச் சாற்றால் நனைத்துப் பத்து முள்ளங்கி விதை வையுங்கள், வெந்தயமும் ஆகும். இன்னொரு தட்டில் வெறும் தண்ணீர், அதே பத்து விதை. இரண்டையும் மூடி இருட்டில் வைத்து, மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, வேர் நீளத்தை ஸ்கேலால் அளந்து சராசரி எடுங்கள். முளைத்த எண்ணிக்கையை வேர் நீளத்தால் பெருக்குங்கள், இரண்டு தட்டுக்கும். உரத் தட்டின் விடையை வெறும் தண்ணீர்த் தட்டின் விடையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது முளைப்புக் குறியீடு. 80க்கு மேல் வந்தால் கவலை இல்லை, 50க்குக் கீழே வந்தால் அந்த உரத்தில் வேருக்கு ஆகாதது ஏதோ இருக்கிறது. வெறும் முளைப்பை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள், கெட்ட உரத்திலும் விதை வாயைத் திறந்துவிடும், வேர்தான் அரை அங்குலத்தில் நின்று பழுப்பாகும். இரண்டு தட்டுக்கும் போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள்.

முட்டை ஓடும் மாங்கொட்டையும் கணக்கே இல்லை. சல்லடையில் சலித்து அடுத்த டிரம்மில் போடுங்கள்.

உடுமலை தென்னந்தோப்பு

வணக்கமுங்க. நாங்கள் டிரம் எல்லாம் பார்த்ததில்லை, குப்பைக்குழிதான். சாணம், தட்டு, மட்டைச் சீவல் எல்லாம் போட்டு, மழைக்கு முன்னால் ஒருமுறை வெட்டித் திருப்பி, அடுத்த பட்டத்துக்கு எடுப்போம். எங்கள் அப்பா பார்க்கிற முறை ஒன்றுதான்: கைநிறைய எடுத்து இறுக்கிப் பிடிப்பார். கையில் பச்சைச் சாண வாடை ஒட்டினால் "இன்னும் கிடக்கட்டும்" என்று மண்ணை மூடிவிடுவார். மக்காத எருவைத் தோட்டத்தில் போட்டால் முதலில் வருவது கரையான், செடிக்குப் பிறகுதான் பலன்.

இன்னொன்றுங்க. குழி எருவில் கட்டைவிரல் தடிமனுக்கு, பழுப்புத் தலையோடு வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுவைப் பார்த்தால் சும்மா விடாதீர்கள். அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். எருவைத் தின்றே வளரும், வண்டானதும் நேராகத் தென்னங்குருத்துக்குத்தான் போகும். நாங்கள் குழியில் அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்துவிடுகிறோம். டிரம்மில் சாதாரணமாக வருவது தட்டையாக, சாம்பல் நிறத்தில் நெளியும் சிப்பாய் ஈப் புழு. அது குப்பையைத் தின்னும், செடியை ஒன்றும் செய்யாது. ஆனால் அது கூட்டமாக இருக்கிறது என்றால் தின்பதற்கு இன்னும் பச்சைக் குப்பை இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், மரத்துக்கு வட்டப்பாத்தியில் மேலாக்கப் போடுவதற்கு இவ்வளவு பக்குவம் தேவையில்லை. முக்கால் மக்கியிருந்தால் போதும். நாற்றுக்கும் விதைக்கும்தான் முழுசாக ஆகியிருக்க வேண்டும்.

வேளச்சேரி மாடி

திருச்சி ஐயா சொன்ன இரண்டையும் செய்துவிட்டேன், இப்போது முன்பைவிடக் குழப்பம் அதிகமாகிவிட்டது.

பை சோதனை ஏழு நாள். பை உப்பவில்லை. திறந்ததும் சுத்தமான மண்வாசனை, கணவரையும் முகரச் சொன்னேன், அவரும் அதையேதான் சொன்னார். சிப்பாய் ஈப் புழு போன மாதமே காணாமல் போய்விட்டது.

ஆனால் முள்ளங்கி விதை: கேன் தண்ணீர்த் தட்டில் 10க்கு 9, வேர் சராசரி 4 செ.மீ. உரத் தட்டில் 10க்கு 6, சராசரி ஒன்றரை செ.மீ., நுனி பழுப்பு. கணக்குப் போட்டால் 25 வருகிறது! ஒரு சோதனை பாஸ், ஒன்று படுதோல்வி. எதை நம்புவது?

திருச்சி ஆய்வகம் (ஓய்வு)

இரண்டையும் நம்பலாம். உரம் அடங்கிவிட்டது, ஆனால் வேருக்கு ஆகவில்லை. நான் போன பதிலில் தழைச்சத்துப் பசி என்று அவசரப்பட்டுச் சொன்னேன், அது தவறு போலிருக்கிறது. நான்கு கேள்வி. தக்காளி இலை முழுதும் வெளுத்ததா, அல்லது ஓரமும் நுனியும் கருகியதா? டிரம்மில் மீந்த சோறு, குழம்பு, ஊறுகாய் போடுவீர்களா? கோகோபீட் கழுவியதா? டிரம்மைத் தெளித்து நனைத்தது எந்தத் தண்ணீர்?

வேளச்சேரி மாடி

ஐயோ. இலை வெளுத்தது, ஆனால் ஓரம் கருகலும் உண்டு, அதை வெயில் என்று நினைத்தேன். மீந்த சோறு, சாம்பார் எல்லாமே டிரம்முக்குத்தான் போகிறது. டிரம்மை மூடுவதற்கு முன் பூஞ்சணம் பிடித்த ஒரு ஜாடி மாவடு அப்படியே கொட்டினேன், உப்புத் தண்ணீரோடு. கோகோபீட் கட்டியை ஊற வைத்து அப்படியே போடுவேன், கழுவியதில்லை. தண்ணீர், ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியே வருகிற வீண் தண்ணீர், செடிக்காவது ஆகட்டும் என்று வாளியில் பிடித்து வைப்பேன்.

ஓசூர் குழித்தட்டு

மாவடு ஜாடி என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இது நூற்றுக்கு நூறு உப்பு.

நாங்கள் 98 குழி தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று விடுகிறோம். கழுவாத நார்க்கழிவில், அதாவது கோகோபீட்டில், சோடியமும் பொட்டாசியமும் அவ்வளவு இருக்கும், அதனால்தான் உப்பு குறைந்ததை "லோ ஈசி" என்று தனியாக விற்கிறார்கள், கொஞ்சம் விலை கூட. சிலர் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைத்தும் கழுவுவார்கள். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம், கட்டியை உடைத்து நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்தால் போதும். உங்கள் ஆர்.ஓ. வீண் தண்ணீர்தான் பெரிய வில்லன். போர் தண்ணீரில் இருந்த உப்பை இயந்திரம் ஒரு பக்கம் ஒதுக்கித் தள்ளுகிறது, அந்த ஒதுக்கலை நீங்கள் பிடித்து டிரம்மில் ஊற்றியிருக்கிறீர்கள். அடியில் ஓட்டையும் இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு எங்கே போகும்? குப்பை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கச் சுருங்க அதே உப்பு மேலும் மேலும் செறிவாகிவிடும்.

கடையில் வாங்கும் மூட்டைக்கும் இதே கதைதான். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒருமுறை மண்புழு உரம் என்று வந்த லோடில் 300 தட்டு நாற்று போய்விட்டது. அதிலிருந்து எந்த லோடு வந்தாலும் ஒரு தட்டில் மட்டும் முதலில் விதைத்து, அது தேறினால்தான் மற்றதைப் பிரிப்போம்.

திருச்சி ஆய்வகம் (ஓய்வு)

ஓசூர் தம்பி சொன்னது சரி. எண்ணாகப் பார்க்க வேண்டுமானால், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனா போதும். 20 கிராம் உரம், 100 மில்லி கேன் தண்ணீர், ஒரு மணி நேரம் அவ்வப்போது கலக்கி, தெளிய விட்டு, பேனாவை விடுங்கள். பெரும்பாலான பேனாக்களில் வருகிற பிபிஎம் எண்ணை 500ஆல் வகுத்தால் மின்கடத்துதிறன் (ஈசி, டெசிசீமன்ஸ்/மீட்டர் அளவில்) கிடைக்கும், உப்பு கூடினால் அதுவும் கூடும். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985, நகரக் கழிவு உரத்துக்கு வைத்திருக்கும் மேல் எல்லை 4. பேனாவில் அது 2000 என்று தெரியும். 4 என்பதே மண்ணோடு கலந்து போடும் உரத்துக்கான எல்லை, அதிலேயே நேராக விதை போடுவதற்கு இல்லை.

அதே ஆணையில் கரிமம், தழைச்சத்து விகிதம் 20க்குள், கார அமிலத்தன்மை 6.5 முதல் 7.5 வரை, ஈரம் 15 முதல் 25 சதம், 4 மி.மீ. சல்லடையில் 90 சதம் விழ வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. காரீயம், காட்மியம் போன்றவற்றுக்கும் எல்லை உண்டு. வீட்டுக் குப்பைக்கு உலோகப் பயம் குறைவு, தரம் பிரிக்காத தெருக் குப்பையில் செய்த உரத்துக்குத்தான் அது முக்கியம். விகிதம் எப்படி இறங்குகிறது என்பதற்கு நார்க்கழிவே நல்ல உதாரணம்: பச்சையாக 112க்கு 1 இருக்கும், சிப்பிக்காளான் பூஞ்சாணம் விட்டு மக்க வைத்தால் 24க்கு 1 வரை வரும் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகக் குறிப்புகளில் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்தும் ஏமாறலாம். வெறும் காய்கறிக் கழிவு மக்குவதற்கு முன்பே 20க்குக் கீழேதான் இருக்கும், அதனால் அது உரமாகிவிடுமா?

இப்போது செய்ய வேண்டியது: உர மூட்டைச் சாக்கில் உரத்தைப் போட்டு, அடியில் குத்தி, உரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். கூடவே கொஞ்சம் தழைச்சத்தும் போகும், வேறு வழியில்லை. நிழலில் பரப்பி ஆற வைத்து மறுபடி விதையைக் கேளுங்கள்.

கருப்புத் தங்கம்

சும்மா இருக்காமல் நானும் என் உரத்தை வைத்து அந்த விதைச் சோதனை செய்தேன். 91. ஆக எனக்குத் தெரியாமலே சரியாகத்தான் செய்து வந்திருக்கிறேன். ஒரு வித்தியாசம், எங்கள் வீட்டில் மீந்த சோறு நாய்க்குப் போய்விடும், டிரம்முக்கு வராது. டிரம்மும் மண்தரையில் அடி திறந்துதான் நிற்கிறது.

வேளச்சேரி மாடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பேனா வாங்கினேன். முதலில் உரம் 3100 காட்டியது, கணக்குப்படி 6.2. போர் தண்ணீர் 1400, ஆர்.ஓ. வீண் தண்ணீரை அளக்கவே பயமாக இருந்தது, அளந்தேன், 2300. சாக்கில் போட்டு இரண்டு முறை மெட்ரோ தண்ணீரில் அலசியதும் உரம் 1450க்கு வந்தது. வடிந்த தண்ணீர் காபி டிகாஷன் நிறம்.

விதை: 10க்கு 8, வேர் மூன்றரை செ.மீ. கேன் தட்டில் பழையபடி 9, 4 செ.மீ. குறியீடு 78க்குக் கொஞ்சம் கீழே. 80 வரவில்லையே, இதைப் போடலாமா? டிரம்முக்கு அடியில் நான்கு ஓட்டை போட்டு, கீழே தட்டு வைத்துவிட்டேன், கறைப் பிரச்சினையும் தீர்ந்தது. வடிந்த டிகாஷன் இரண்டு வாளி இருக்கிறது, அதை என்ன செய்வது?

திருச்சி ஆய்வகம் (ஓய்வு)

தாராளமாகப் போடலாம். சாற்றில் 78 என்றால் மண்ணோடு கலந்தபின் தொந்தரவு இருக்காது. பாதிக்குப் பாதி மட்டும் வேண்டாம், நான்கில் ஒரு பங்கு உரம் போதும். கீரையை மூன்றில் ஒரு பங்கு கலந்த ஒரு பையிலும் தூவிப் பாருங்கள், உங்கள் மண்ணுக்கு எல்லை எது என்று தெரிந்துவிடும்.

உடுமலை தென்னந்தோப்பு

அந்த டிகாஷனைக் கொட்டிவிடாதீர்கள் அம்மணி. அபார்ட்மென்டில் தென்னை இருந்தால் அடியில் ஊற்றுங்கள். நாங்கள் கன்று வைக்கும்போதே குழியில் கல்லுப்பு போட்டுத்தான் வைப்போம், தென்னைக்கு உப்பு ஆகும். மற்ற செடிப் பக்கம் மட்டும் போகவிடாதீர்கள்.

வேளச்சேரி மாடி

கீழே வாசலில் ஒரு மரம் இருக்கிறது, இன்றே ஊற்றிவிட்டேன். வாட்ச்மேன் அண்ணன் சாக்கடைத் தண்ணீர் என்று நினைத்துச் சண்டைக்கு வந்துவிட்டார், முகர்ந்து பார்க்கச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.